பஸ், ட்ரெயின்ல பார்த்த யாரோ ஒருத்தர் இன்னும் மனசுல இருக்காங்களா?

ஜன்னலோரம்:
பழைய பர்ஸை காலி பண்ணப்போ ஒரு பஸ் டிக்கெட் கிடைச்சுது, அதான் கேக்கத் தோணுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்து சீட்ல ஒரு தாத்தா, மடியில நோட்டை வெச்சுக்கிட்டு ஒரே பேரை திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டே வந்தாரு. பஸ் குலுங்குனா எழுத்தோட சுழி கோணிக்கிட்டு எங்கயோ போயிடும், உடனே பேனாவைத் தூக்கிடுவாரு, அடுத்த ஸ்டாப்ல வண்டி நின்னதும் மறுபடி எழுதுவாரு. நான் இயர்போனைக் கழட்டுனதைப் பார்த்துட்டு "தம்பி, இது படிக்கற மாதிரி இருக்கா?"ன்னு கேட்டாரு. அவரோட சொந்தப் பேருதான். இத்தனை வயசு வரைக்கும் கைநாட்டுதானாம், பேத்தி கல்யாணத்தைப் பதிவு பண்றப்போ சாட்சிக் கையெழுத்தை மட்டும் பேனாவுல போட்டுடணும்னு ஆசை. கடைசிப் பக்கமும் தீர்ந்ததும் என் டிக்கெட்டைத் திருப்பி அதுல ஒண்ணு எழுதிக் குடுத்தாரு. உங்களுக்கும் இப்படி யாராவது இருந்தா சொல்லுங்க, சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல.

ராத்திரி வண்டி:
என் பொண்ணு அப்போ கைக்குழந்தை, ட்ரெயின்ல விடாம அழுதா. பெட்டியில எல்லாரும் தூங்கற நேரம், எனக்கும் அழுகையே வந்துடுச்சு. எதிர் சீட் அக்கா எதுவும் சொல்லாம கையை நீட்டி வாங்கிக்கிட்டு நடைபாதையில நின்னு, வண்டி ஆடற ஆட்டத்துக்கே உடம்பை விட்டு ஆட்டுனாங்க. பத்து நிமிஷத்துல தூங்கிட்டா. அவங்க முகம் இப்போ சரியா ஞாபகம் இல்ல, குழந்தையோட முதுகுல தட்டுன அந்தக் கை மட்டும் ஞாபகம் இருக்கு.

புத்தகப்புழு:
இதைப் பத்தி ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர்னு ரெண்டு பேர் சிகாகோவுல ட்ரெயின்ல வேலைக்குப் போறவங்களை வெச்சு பண்ணது, 2014ல வெளியாச்சு. பக்கத்துல இருக்கறவங்களோட பேசுனா பயணம் மோசமாத்தான் இருக்கும்னு ஜனங்க நெனச்சாங்க, ஆனா நிஜமா பேசுனவங்கதான் சும்மா உக்காந்து வந்தவங்களைவிட நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி 1970கள்ல ஸ்டான்லி மில்கிராம்னு ஒரு உளவியல் பேராசிரியர் நியூயார்க் சுரங்க ரயில்ல மாணவர்களை விட்டு, காரணமே சொல்லாம "உங்க சீட்டைக் குடுக்கறீங்களா"ன்னு கேக்க வெச்சாரு, கிட்டத்தட்ட 68 சதவீதம் பேர் எழுந்துட்டாங்க இல்ல நகர்ந்து இடம் விட்டாங்க. நமக்கு யாரும் உதவ மாட்டாங்கன்னு நாமளே முடிவு பண்ணிக்கறோம். இதுல எனக்குப் பிடிச்சது வேற, மில்கிராம் தானே கேக்கப் போனப்போ வார்த்தை தொண்டையிலயே சிக்கிக்கிச்சாம். அவருக்கே அப்படின்னா நம்ம கூச்சத்துல தப்பே இல்ல.

தனிப்பயணி:
எல்லாம் சரி, ஆனா தனியா போற பொண்ணுங்க பக்கத்தையும் சொல்லணும். எனக்கு இயர்போன் பாதுகாப்புக்குத்தான், பாதி நேரம் அதுல பாட்டே ஓடாது. ரெண்டு தடவை ஒத்த வார்த்தையில பதில் சொன்னா பேச இஷ்டமில்லன்னு புரிஞ்சுக்கணும், அதுக்கு மேல பேசறது தொல்லைதான். ஒருநாள் ராத்திரி ஒரு ஆளு எங்க இறங்கறே எங்க இறங்கறேன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தான். பின்னாடியிருந்து ஒரு அம்மா "ஏய், இங்கயா உக்காந்திருக்க, உன்னைத் தேடிக்கிட்டே வரேன், எழுந்து வாடி"ன்னு அதட்டுனாங்க. எனக்கு அவங்க யாருன்னே தெரியாது. எழுந்து போய் பக்கத்துல உக்காந்தேன், என் கையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்களுக்கும் கை நடுங்கிட்டு இருந்துச்சு. அவங்களும் பயந்துக்கிட்டேதான் அதை செஞ்சிருக்காங்க.

புத்தகப்புழு:
தனிப்பயணி சொன்னதை ஒத்துக்கறேன், அதை நான் யோசிக்காம எழுதிட்டேன். பேசறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பாக்கணும்.

ராத்திரி வண்டி:
ஜன்னலோரம், அந்தத் தாத்தா கடைசியில கையெழுத்து போட்டாரா?

ஜன்னலோரம்:
தெரியலங்க, என் ஸ்டாப் முன்னாடியே வந்துடுச்சு, கேக்கறதுக்கு நம்பர் கூட வாங்கல. டிக்கெட்டோட முன்பக்கம் மிஷின்ல அடிச்ச எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளையா ஆயிடுச்சு. பின்னாடி அவர் பேனாவுல எழுதுன பேரு அப்படியே இருக்கு, கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் கோணல்.