அறுபது வயதில் சமஸ்கிருதம் அவசியமா?

நண்பர்களே, தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். ஓய்வு பெற்றபின் கீதை வகுப்பொன்றில் சேர்ந்தேன். சமஸ்கிருதம் தெரியாமல் ஆத்ம ஞானம் கைகூடாது என்று ஆசிரியர் அடித்துச் சொன்னதும் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக 'ராமஃ, ராமௌ, ராமாஃ' என்ற முதல் வேற்றுமைப் பாடத்தைத் தாண்டவில்லை. சமஸ்கிருதத்தின் நான்கு 'க'வும் என் நாக்கில் ஒரே 'க'தான். பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

எனக்கோ மனம் ஒப்பவில்லை. திருவொற்றியூர்க் கடலோரம் சமாதி கொண்ட பட்டினத்தார் பாடியது தமிழில். ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலாரின் திருவருட்பாவும் தமிழே. ரமணர் உபதேச உந்தியாரின் 30 பாடல்களை முதலில் தமிழில்தான் இயற்றினார். சமஸ்கிருத 'உபதேச சாரம்' பிறகு வந்தது. ஆனாலும் உபநிடதத்தில் வரும் 'தத் த்வம் அஸி' ('அது நீ') என்ற மூன்று சொல்லுக்குச் சங்கரரும் ராமாநுஜரும் மத்வரும் வெவ்வேறு பொருள் சொல்லும்போது, மொழிபெயர்ப்பை மட்டும் நம்புவது உறுத்துகிறது.

நடுவயதுக்குப் பின் கற்று உபநிடதத்தை மூலத்தில் வாசித்தவர்கள் இங்கே உண்டா? தியானத்தில், கோபத்தில் ஏதாவது மாறியதா, இலக்கணம் மட்டும் தேறியதா? ராயபுரம் பக்கம் மாலை வகுப்பு இருந்தாலும் சொல்லுங்கள். கண்புரை அறுவை செய்த கண். பெரிய எழுத்துப் பாடநூல் என்றால் நல்லது.