க்ரூஸ் கேபின்ல ஸ்பைக் பஸ்டர் எடுத்துட்டுப் போகலாமா? அப்பா ஒரே பிடிவாதம்

தஞ்சாவூர்_தலையாட்டி

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர்ல சிங்கப்பூர்லேந்து நாலு நாள் க்ரூஸ் புக் பண்ணியிருக்கோம், பினாங்கு ஃபுக்கெட் போய்ட்டு திரும்ப சிங்கப்பூர். நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, கூட எங்க அப்பா அம்மா. ரெண்டு கேபின். முதல் தடவை கப்பல் ஏறுறோம், அதனால டவுட்டு ஆயிரம் இருக்கு, ஆனா இப்போதைக்கு வீட்ல சண்டை நடக்கறது ஒரே விஷயத்துக்குதான்.

போன் ஆறு, டேப் ரெண்டு, வாட்ச் ஒண்ணு, வீட்டுக்காரர் லேப்டாப் (லீவுன்னாலும் ஆபீஸ் விடாது), அப்பாவுக்கு ராத்திரி தூங்கும்போது மூச்சு தடைபடாம இருக்கப் போடுற சிபேப் மெஷின். கேபின் போட்டோ பாத்தா டேபிள் கிட்ட ரெண்டோ மூணோ பிளக் பாயிண்ட்தான் தெரியுது. சரி, ஒரு ஜங்ஷன் பாக்ஸ் எடுத்துட்டு போயிடலாம்னு நினைச்சா, டிக்கெட்டோட வந்த பேப்பர்ல எக்ஸ்டென்ஷன், சர்ஜ் ப்ரொடெக்டர் (அதான் நம்ம ஸ்பைக் பஸ்டர்) எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னு போட்டிருக்கு. எங்க அப்பா மின்வாரியத்துல 31 வருஷம் இருந்து ஃபோர்மேனா ரிட்டையர் ஆனவர். வீட்ல டிவி, ஃப்ரிட்ஜ் எதையும் ஸ்பைக் பஸ்டர் இல்லாம மாட்ட விட மாட்டார். "பாதுகாப்புக்கு இருக்கற பொருளையே வேணாம்னு சொல்றான்னா அவனுக்கு கரண்ட்டப் பத்தி என்ன தெரியும்"னு கேக்கறார். எனக்கும் அது நியாயமாத்தான் படுது. யாராவது காரணம் தெரிஞ்சா சொல்லுங்க, வெறும் ரூல்ஸ்னு சொன்னா அவர் கேக்க மாட்டார்.

அம்மா தனி ட்ராக். காலைல சத்துமாவு கஞ்சி குடிக்கணும், அதுக்கு சின்ன எலக்ட்ரிக் கெட்டில் கொண்டு வரேன்னு நிக்கறாங்க.

கிச்சடி_சம்பா

மேடம், கெட்டிலை வீட்லயே வச்சிடுங்க. ஏறும்போது ஏர்போர்ட் மாதிரியே பெட்டி எல்லாம் எக்ஸ்ரேல போகும், கெட்டில், அயர்ன் பாக்ஸ், தண்ணி சூடு பண்ற காயில், குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் எடுத்து வச்சிப்பாங்க. போன வருஷம் எங்க மாமியார் அயர்ன் பாக்ஸை துணிக்குள்ள சுத்தி வச்சு கொண்டு வந்தாங்க, சாயங்காலம் எல்லார் பெட்டியும் கேபின் வாசலுக்கு வந்துடுச்சு இவங்க பெட்டி மட்டும் வரல. கீழ செக்யூரிட்டி ரூம்ல போய் நின்னு, நாமளே திறந்து காட்டி, கையெழுத்து போட்டு, கடைசி நாள்தான் அது திரும்பக் கிடைச்சுது. என் ஸ்பைக் பஸ்டரும் அதே பெட்டில மாட்டுச்சு, அதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெக்கமா இருக்கு.

கஞ்சிக்கு கவலைப்படாதீங்க. பஃபே பக்கம் டீ காபி மெஷின்ல வெந்நீர் வரும், நல்ல ஃப்ளாஸ்க் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, மாவை வறுத்து பொடியா எடுத்துட்டா கட்டி தட்டாம கரைஞ்சிடும். எங்க மாமியார் ரசப்பொடி கூட கொண்டு வந்தாங்க, அது வேற கதை.

சார்ஜிங்குக்கு: நிறைய கப்பல்ல ரெண்டு வகை பாயிண்ட் இருக்கும். ஒண்ணு அமெரிக்கா மாதிரி தட்டையா ரெண்டு கம்பி போறது, 110 வோல்ட். இன்னொண்ணு ஐரோப்பா மாதிரி ரெண்டு உருண்டை கம்பி, 220. நம்ம ஊர் போன் சார்ஜரோட மெல்லிசு ரெண்டு பின் அந்த உருண்டை பாயிண்ட்ல பெரும்பாலும் போயிடும். லேப்டாப்போட மூணு பின்தான் எங்கயும் போகாது, அதுக்கு சாதா கன்வர்ட்டர் பிளக் ஒண்ணு வாங்கிக்கோங்க. சிங்கப்பூர்ல இருக்கற தடிச்ச மூணு பின் அடாப்டரை வாங்கிட்டு கப்பல்லயும் அதுவே இருக்கும்னு நினைச்சுடாதீங்க, நான் அப்படித்தான் 12 டாலர் போட்டு வாங்கி ஏமாந்தேன்.

சும்மா_இருக்கேன்

இதெல்லாம் ஓவர் பில்டப்பு. மூணு தடவை போயிருக்கேன், மூணு தடவையும் ஜங்ஷன் பாக்ஸ் கையிலதான், யாரும் கேக்கல, ஒண்ணும் வெடிக்கல. ஹேண்ட் லக்கேஜ்ல போட்டு கொண்டு போங்க ப்ரோ.

எஞ்சின்ரூம்_எலி

நான் கப்பல்ல இடிஓவா வேலை பாக்கறேன், அதாவது கரண்ட் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலைல. இப்ப லீவுல ஊர்ல இருக்கேன், அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. இது உங்க அப்பாவுக்குத்தான், அவர்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டுங்க.

அய்யா, கரையில டிரான்ஸ்ஃபார்மர்ல நியூட்ரலை எர்த் பண்ணியிருப்பீங்க. அதனால வீட்டு பிளக்ல டெஸ்டர் வச்சா ஒரு ஓட்டைல எரியும், இன்னொண்ணுல எரியாது. கப்பல்ல பெரும்பாலும் அப்படி எர்த் பண்றது இல்ல. கேபினுக்கு வர்ற ரெண்டு ஒயருமே கப்பலோட இரும்பு உடம்பைத் தொடாம மிதந்துட்டு இருக்கும். ரெண்டுமே லைவ். 230 வோல்ட் பாயிண்ட்டுன்னா ஒவ்வொரு ஒயருக்கும் உடம்புக்கும் நடுவுல ஏறக்குறைய பாதி வோல்டேஜ் காட்டும், டெஸ்டர் ரெண்டு பக்கமும் மினுக்கும். ஏன் இப்படி வச்சிருக்காங்கன்னா, எங்கயாவது ஒரு ஒயர் இரும்பு உடம்புல பட்டுதுன்னா கரையில ட்ரிப் ஆகிடும், கடல்ல நடுவழியில சுக்கான் மோட்டரும் பம்பும் அப்படி ட்ரிப் ஆனா என்ன ஆகறது? அதனால முதல் ஃபால்ட்ல கரண்ட் போகாது, எங்களுக்கு அலாரம் மட்டும் அடிக்கும், நாங்க ஓடிட்டே தேடுவோம்.

இப்ப ஸ்பைக் பஸ்டருக்கு வரேன். அதுக்குள்ள எம்ஓவின்னு மாத்திரை சைஸ்ல ஒரு வில்லை இருக்கும். வோல்டேஜ் எகிறுனா அது வழியா எர்த்துக்கு இறக்கிவிடும், அதான் அதோட வேலை. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒண்ணு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒண்ணுன்னு மாட்டியிருப்பான். கப்பல்ல வேற எங்கயோ, ஒரு கிச்சன் அடுப்புலயோ லாண்டரிலயோ, ஒரு லைன் உடம்புல பட்டா, உங்க கேபின்ல இருக்கற இன்னொரு லைனுக்கும் உடம்புக்கும் நடுவுல முழு வோல்டேஜும் ஏறி உக்காந்துக்கும். அந்த ஃபால்ட் விட்டு விட்டு பொறி தட்டுச்சுன்னா லைன் வோல்டேஜையும் தாண்டி எகிறும். நொடில முடியற ஸ்பைக்குக்காக செஞ்ச வில்லை அது, மணிக்கணக்கா இந்த அடி வாங்குனா சூடாகி, சுத்தி இருக்கற பிளாஸ்டிக்கைப் பத்த வச்சிடும். நீங்க அப்ப டெக்ல கரோக்கி பாடிட்டு இருப்பீங்க.

இன்னொண்ணு, மலிவு ஜங்ஷன் பாக்ஸ்ல இருக்கற சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் வெட்டும். வீட்ல அது ஃபேஸ், சரி. கப்பல்ல ஆஃப் பண்ணாலும் மத்த ஒயர் லைவ்தான். அமெரிக்க கோஸ்ட் கார்டு 2013லயே இதுக்குன்னு ஒரு சேஃப்டி அலர்ட் விட்டுச்சு. ராயல் கரீபியன்ங்கற க்ரூஸ் கம்பெனி 2024 செப்டம்பர்ல சர்ஜ் ப்ரொடெக்டர் இல்லாத சாதா மல்டி பிளக்கையும் சேத்து தடை பண்ணிட்டாங்க, ஏன்னா செக்யூரிட்டில நிக்கற பையன் ஒவ்வொண்ணையும் பிரிச்சு உள்ள வில்லை இருக்கான்னு பாக்க முடியாது.

சும்மா இருக்கேன் ப்ரோ, மூணு தடவை ஒண்ணும் ஆகலன்னா மூணு தடவையும் ஃபால்ட் வரலன்னு அர்த்தம், அவ்ளோதான். ஹெல்மெட் போடாம போனவங்களும் இதையேதான் சொல்வாங்க.

சும்மா_இருக்கேன்

சரி சரி, விளக்கம் ஓகே. ரெண்டு ஒயரும் லைவ்னு சத்தியமா தெரியாது. அப்ப ஒரு பிளக் பாயிண்ட்ல எல்லாத்தையும் எப்படித்தான் சார்ஜ் போடறது, அதையும் நீங்களே சொல்லிடுங்க.

எஞ்சின்ரூம்_எலி

யூஎஸ்பிதான். 65 வாட் சார்ஜர், நேரா சுவத்துல மாட்டறது, மூணு நாலு போர்ட் இருக்கறதா ஒண்ணு கேபினுக்கு ஒண்ணு போதும். சின்ன லேப்டாப் டைப்-சில சார்ஜ் ஆகும்னா அதுவும் இதுலயே முடிஞ்சிடும். சார்ஜர் மேல பொடி எழுத்துல இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு இருக்கான்னு பாத்துக்கோங்க, இருந்தா 110, 220 எதுல வேணாலும் மாட்டலாம். நல்ல கம்பெனியோடது வாங்குங்க. பஸ் ஸ்டாண்ட்ல 150 ரூபாய்க்கு விக்கறது வீட்டுக்கே ஆபத்து.

புது கப்பல்ல கட்டில் பக்கத்துலயே யூஎஸ்பி இருக்கும், ஆனா பல இடத்துல அது 1 ஆம்ப்தான், ராத்திரி போட்டா காலைல ஏறும். பாத்ரூம்ல ஷேவருக்குன்னு ஒரு பாயிண்ட் இருக்கும், அதுல வேற எதையும் மாட்டாதீங்க, உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான். வாசல் பக்கம் கீ கார்டு சொருகற இடம் இருந்தா, கார்டை எடுத்ததும் சில கப்பல்ல பிளக் பாயிண்ட்டும் சேந்து அணைஞ்சிடும். வேற ஏதாவது கார்டை சொருகிட்டு போங்கன்னு நிறைய பேர் ஐடியா குடுப்பாங்க. நான் குடுக்க மாட்டேன். ஆள் இருக்கும்போது சார்ஜ் போடுங்க, மெத்தை மேல போடாதீங்க, தலகாணிக்கு அடியில சத்தியமா போடாதீங்க. உப்பிப் போன பவர் பேங்க் இருந்தா கொண்டு வராதீங்க.

நாங்க கப்பல்ல பயப்படறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான், தீ. 2006 மார்ச்ல ஸ்டார் பிரின்சஸ்னு ஒரு கப்பல் ஜமைக்கா பக்கம் போகும்போது பால்கனில ஆரம்பிச்ச தீ வரிசையா கேபின்களுக்குப் பரவுச்சு, ஒரு பயணி இறந்துட்டார். அணைக்காம போட்ட சிகரெட்டா இருக்கும்னு விசாரணைல சொன்னாங்க. ஒரு சிகரெட்டு அளவு சூடு போதும்னு நாங்க சொல்றது இதை வச்சுத்தான். இன்னொண்ணு 2019 செப்டம்பர்ல கலிஃபோர்னியா பக்கம் கன்செப்ஷன்னு ஒரு டைவிங் படகு, அதுல 34 பேர் போயிட்டாங்க. தீ எதுல ஆரம்பிச்சுதுன்னு உறுதி ஆகல, ஆனா ராத்திரி மேல ஹால்ல ஏகப்பட்ட பேட்டரி சார்ஜ்ல கிடந்துச்சு, முழிச்சிருந்து ரோந்து சுத்த ஒரு ஆள் இல்ல.

லட்டு_அம்மா

சிபேப் பத்தி யாரும் சொல்லலையே. எங்க வீட்டுக்காரருக்கும் அதேதான், ரெண்டு தடவை கூட்டிட்டு போயிருக்கேன்மா. புக் பண்ண ஏஜெண்ட்டுகிட்ட இப்பவே சொல்லி, ஸ்பெஷல் நீட்ஸ்னு ஒரு பிரிவு இருக்கும் அவங்களுக்கு மெயில் போடச் சொல்லு. கட்டில்லேந்து பிளக் பாயிண்ட் தூரமா இருந்தா கப்பல்காரங்களே அவங்களோட எக்ஸ்டென்ஷன் ஒயர் குடுப்பாங்க, அது அவங்க செக் பண்ணி வச்சிருக்கறது. டிஸ்டில்ட் வாட்டரும் முன்னாடியே கேட்டுடு, சில இடத்துல காசு. மெஷினை செக்-இன் லக்கேஜ்ல போட்டுடாத, கையிலயே வச்சுக்கோ, டாக்டர் லெட்டர் ஒரு காப்பி அப்பா பாக்கெட்லயும் இருக்கட்டும்.

பவர் பேங்கும் கைப்பையிலதான், ஃப்ளைட்ல 100 வாட்-ஹவர் வரைக்கும் விடறாங்க, 20000 எம்ஏஹெச்னா 74தான் வரும், பிரச்சனை இல்ல. ஆனா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல 2025 ஏப்ரல்லேந்து ஃப்ளைட்டுக்குள்ள அதை வச்சு போன் சார்ஜ் போட விடறது இல்ல. பசங்க டேப்பை வீட்லயே ஃபுல்லா ஏத்திடு. அப்புறம் கப்பல் கிளம்பினதும் எல்லார் போனையும் ஏரோபிளேன் மோடுல போடு, இல்லன்னா சிக்னல் தேடித் தேடியே பேட்டரி இறங்கும், கடல் நெட்வொர்க்ல மாட்டுச்சுன்னா பில்லும் ஏறும். பசங்க நீச்சல் குளத்துல போனை நனைச்சுட்டு வந்து ஈரத்தோட சார்ஜ் போடுவாங்க, அதையும் பாத்துக்கோ. என் பையன் போன் போர்ட் அப்படித்தான் போச்சு.

தஞ்சாவூர்_தலையாட்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எலி அண்ணாவுக்கு ஸ்பெஷலா. அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். நியூட்ரல் எர்த் பண்றது இல்லன்னு படிச்ச இடத்துலயே கையைக் காட்டி நிறுத்திட்டார். கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் "அப்படின்னா அதை எடுத்து உள்ள வை"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார். மூணு வாரமா நடந்த சண்டை. லட்டு அம்மா, ஏஜெண்ட்டுக்கு மெயில் போட்டாச்சு, ஒயரும் டிஸ்டில்ட் வாட்டரும் தரேன்னு பதில் வந்துடுச்சு. அம்மா ஃப்ளாஸ்க்குக்கு ஒத்துக்கிட்டாங்க, அரை மனசா.

ஆனா இப்ப புதுசா ஒண்ணு. டெஸ்டரைக் கொண்டு வரேங்கறார், ரெண்டு பக்கமும் மினுக்குதான்னு பாக்கணுமாம். கூடவே உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கச் சொன்னார் அண்ணா: லைன் ட்ரிப் ஆகாதுன்னா அவ்ளோ பெரிய கப்பல்ல ஃபால்ட் எங்கன்னு எப்படி கண்டுபிடிக்கறீங்க?

எஞ்சின்ரூம்_எலி

அய்யா, டெஸ்டரை பெட்டிலயே வச்சிடுங்க, கேபின் பிளக்ல நோண்டறதை ஸ்டூவர்ட் பாத்தா என் மாதிரி ஒருத்தனைத்தான் எழுப்பி விடுவாங்க.

கண்டுபிடிக்கறது நீங்க செஞ்ச மாதிரிதான். புது கப்பல்ல எந்த ஃபீடர்னு, அதாவது எந்த லைன்னு, பேனலே காட்டும். பழசுல ஒவ்வொரு பிரேக்கரா ஒரு செகண்ட் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம், எதை ஆஃப் பண்ணும்போது அலாரம் நிக்குதோ அந்த லைனைப் பிடிச்சுட்டு போக வேண்டியதுதான். முக்கால்வாசி நேரம் கிச்சன் ஹீட்டரா இருக்கும், இல்லன்னா தண்ணி இறங்கின டெக் லைட்டு.

தஞ்சாவூர்_தலையாட்டி

படிச்சுக் காட்டிட்டேன். "மழை பேஞ்சா தெரு லைட்டுல எங்களுக்கும் இதே பாடுதான், அந்த தம்பி நம்பர் கிடைக்குமா"ன்னு கேக்கறார்.