நம்ம ஊர்ப்பக்கம் ஜாஸ் கேட்டவங்க யாராவது உண்டா?

தேவகோட்டைக்காரர்:

உண்டு. ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன். செட்டிநாட்டில் ஜாஸா என்று வியப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு, கல்கத்தா என்று கொண்டுவிக்க, அதாவது வெளியூரில் தொழில் செய்ய, போனவர்களின் ஊர் இது. பர்மாத் தேக்கு வந்த வழியில்தான் கிராமபோனும் வந்தது. எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் கீர்த்தனை, நாடகப் பாட்டுத் தட்டுகளுக்கு அடியில் டான்ஸ் பாண்டு தட்டுகளும் கிடந்தன. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது அவர் ஊர் திரும்பியிருந்தார். அதனால் பெட்டி தப்பித்தது.

ஆனால் எனக்கு ஜாஸ் சொல்லிக்கொடுத்தவர் வில்லிஸ் கோனோவர். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற வானொலியின் சிற்றலையில் 1955-ல் அவர் நிகழ்ச்சி தொடங்கியது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களும் கேட்கிறார்கள் என்று தெரிந்து, கனத்த குரலில் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். பள்ளிக்கூடப் பையனான எனக்கு அவர் சொன்னது விளங்கியது அதனால்தான். டியூக் எலிங்டனின் ‘டேக் த ஏ டிரெயின்’ முகப்பிசையாக வரும்போதே உடம்பு சிலிர்க்கும். வளவு என்கிற உள்முற்றத்தின் தூணோரம் ரேடியோ. ஏரியல் கம்பி மேல்மாடியில். சிற்றலை ஏறி இறங்கும்போது முதலில் பாஸ் என்ற கனத்த ஒலித் தந்தி வாத்தியம் காணாமல் போகும், அப்புறம் பியானோ. டிரம்பெட் மட்டும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். “சுதி சேக்கவே இம்புட்டு நேரமாடா?” என்பார் அப்பச்சி (அப்பா). அணைக்கச் சொன்னதில்லை.

இங்கே எழுத உட்கார்ந்ததே ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வாசித்த நாகஸ்வர வித்வான் அவர். வாசிப்பை நிறுத்திய பிறகும் மாலையில் பட்டாலைக் கூடத்துக்கு வந்து உட்காருவார். ஒரு நாள் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டில் முதல் உருப்படியைப் போட்டேன். 1959-ல் பதிவானது; ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். பாஸ் கேள்வி கேட்க, மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள்.

கண்ணை மூடிக் கேட்டார். “கரகரப்பிரியா ராகத்துச் சுரந்தான் தம்பி. கமகம் இல்ல, பிடிப்பு வேற. ஆனா சுரம் அதேதான்.” தொடையில் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நிமிர்ந்து, “அட, அரைக்கட்டை ஏத்திட்டாங்க!” என்றார். கொஞ்ச நேரத்தில், “இறங்கிட்டாங்க.” அடுத்த சுற்றில் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பதினாறு ஆவர்த்தம் ஒரே இடம், எட்டு மேலே, எட்டு மறுபடி கீழே. “முப்பத்திரண்டுக்கு ஒருதரம் சுத்தி வாராங்க. கணக்கு சுத்தமா இருக்கு.” அந்த உருப்படியின் கட்டுமானம் முழுதும் இவ்வளவுதான். யாரும் சொல்லாமல் அவர் அதைப் பிடித்துவிட்டார்.

அடுத்தது வாசிப்பவர்கள். மைல்ஸ் வாசித்தபோது, “எங்க நிறுத்தணும்னு இவருக்குத் தெரியுது” என்றார். கோல்ட்ரேன் சாக்ஸபோனில் பொழியத் தொடங்கியதும், “இது பிருகா. மூச்சு விடவே மாட்டேங்குறாரே!” இன்னொரு சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லி வந்ததும் சிரித்துவிட்டார். “இது கல்யாண வீட்டு வாசிப்பு.” மூன்று பேரையும் பற்றி நான் படித்த விமர்சனம் எதுவும் இந்த மூன்று வாக்கியத்துக்கு ஈடாகாது.

ஆகவே ஜாஸ் நமக்கு எட்டாத சங்கீதம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ராகம் விரியும்வரை பொறுத்து உட்காரத் தெரிந்த ஊர் இது. அதே காரணத்தால், விடுதியாக மாறிய வீடுகளில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஜாஸை முணுமுணுக்க விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கச்சேரியில் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கேன்டீனுக்குப் போகிறவர்களைத் திட்டுகிறோம். டிரம்மர் தனியாக வாசிக்கும்போது மட்டும் இன்னொரு கரண்டி ரசம் கேட்கலாமா? கேட்கிற மாதிரி போடுங்கள். இல்லையென்றால் போடவே வேண்டாம். போனில் அரை நிமிடம் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவதும் அப்படித்தான். தட்டு என்றால் ஒரு பக்கத்தையாவது முழுதாகக் கேட்கவேண்டும்.

பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு: 78 வேகத் தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும். எல்.பி. என்ற நெடுநேரத் தட்டுகளைச் சித்திரை வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் வளைந்துவிடும். படுக்கப் போட்டு அடுக்கவும் கூடாது, நிறுத்தித்தான் வைக்கவேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் மரச்சாமானோடு தட்டுக்கட்டையும் புரட்டிப் பாருங்கள். விளிம்பு உடைந்த ஒரு கொலம்பியா தட்டு எனக்கு அங்கே கிடைத்தது. டெடி வெதர்ஃபோர்ட் என்ற கறுப்பினப் பியானோ கலைஞருடையது. சிகாகோவில் பெயரெடுத்து, கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தி, 1945-ல் கல்கத்தாவிலேயே இறந்தவர். கல்கத்தாவில் தொழில் செய்த யாரோ ஒரு செட்டியார் அதை ஆசைப்பட்டு வாங்கியிருக்கவேண்டும்.

கானாடுகாத்தான் மருமகள்:

வணக்கம் ஐயா. நாங்களும் வீட்டுல சில அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டிருக்கோம். உங்க பதிவைப் படிச்சுட்டு ஸ்பீக்கரை நிறுத்திட்டேன்.

ஜெர்மனிக்காரர் ஒருத்தர் வந்து தங்கினார், சாக்ஸபோன் வாசிக்கிறவர். வாசிச்சுப் பார்க்கலாமான்னு அனுமதி கேட்டு, முதல்ல வளவுக்கு நடுவுல நின்னார். திறந்த வானம், சத்தம் மேலே போயிடுச்சு. அப்புறம் பட்டாலைக்கு வந்தார். முட்டைப் பூச்சுச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் அந்த நாதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துச்சு. ஒரே ஒரு சுரத்தை நீளமாப் பிடிச்சு, அது அடங்குறவரைக்கும் காத்திருந்து அடுத்ததை வாசிச்சார். உள்ளே பூண்டு உரிச்சுக்கிட்டிருந்த எங்க மாமியார் முறத்தோட வந்து உக்காந்தாங்க. “நாயனத்தை வளைச்சு வெச்சாப்புல இருக்கு. நல்லா அழுவுதும்மா” அப்படின்னாங்க.

மறுநாள் சாயங்காலம் தெருவுல சாமி புறப்பாடு. தவில் சத்தம் கேட்டதும் மனுசர் சாப்பாட்டை விட்டுட்டு ஓடினார். திரும்பி வந்தப்ப மணி பத்துக்கு மேல. தவில்காரர் வலது கை விரல்ல மாட்டியிருந்த கூட்டைப் பத்தியே ராத்திரி முழுக்கப் பேசினார். நாயனத்தையும் ஜாஸையும் யாராச்சும் சேர்த்து வாசிச்சிருக்காங்களா ஐயா?

தேவகோட்டைக்காரர்:

உங்கள் மாமியாரை நான் பார்க்கவேண்டும் ஆச்சி. சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரைத் தேடிக் கேளுங்கள். மலேசியாவில் இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவர், அங்கே நாகஸ்வரத்தில் மனதைப் பறிகொடுத்தார். பிறகு தமிழ்நாட்டுக்கே வந்து கற்று, ஜாஸ் மேடையிலும் வாசித்தார். எதிர்த்திசையிலிருந்து கத்ரி கோபால்நாத். சாக்ஸபோனைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர், ஜாஸ் கலைஞர்களோடும் வாசித்தார்.

பள்ளத்தூர் மிருதங்கம்:

ஐயா, நான் காலேஜ் படிக்கிறேன், மிருதங்கம் கத்துக்கறேன். காரைக்குடி மணி சார் ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவோட சேர்ந்து செஞ்ச ‘இன்டு த ஃபயர்’ கேட்டுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது. டிரம்பெட்டும் டிராம்போனும் நம்ம மிருதங்கக் கோர்வையை அப்படியே வாசிக்குது! 2023-ல அவர் போனப்ப எங்க வாத்தியார் வீட்டுல அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டோம். ஆனா வெறும் ஜாஸ் கேட்டா சமம், அதாவது தாளத்தோட முதல் எண்ணிக்கை, எங்க விழுதுன்னே பிடிபடலை. எதுல ஆரம்பிக்கலாம்?

தேவகோட்டைக்காரர்:

தம்பி, டேவ் புரூபெக் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞரில் ஆரம்பியுங்கள். அவர் குழு 1958-ல் சென்னைக்கு வந்தது. அப்போது அவருடைய டிரம்மர் ஜோ மொரெல்லோ நம் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். மறுவருடம் வந்த ‘டைம் அவுட்’ தட்டில் ‘டேக் ஃபைவ்’ இருக்கிறது. ஐந்து எண்ணிக்கை. கண்ட சாப்பில் நீங்கள் ‘தக தகிட’ என்று போடுவதை அதில் திருப்பி, ‘தகிட தக’ என்று வைத்துப் பாருங்கள், பிடிபடும். அதே தட்டின் முதல் உருப்படியில் ‘தக தக தக தகிட’ மூன்று தடவை, நான்காவது தடவை ‘தகிட தகிட தகிட’. எல்லாமே ஒன்பதுதான். இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளத்திலிருந்து எடுத்தார்.

இந்த இரண்டும் கையில் வந்தபிறகு நாலு எண்ணிக்கை உருப்படிகளுக்குப் போங்கள். டிரம்மர் அடிக்கும் பெரிய உலோகத் தட்டையோ ஸ்னேர் என்ற சிறு முரசையோ துரத்தாதீர்கள். அங்கே அவர் இஷ்டத்துக்கு விளையாடுவார். பாஸ்காரர் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு சுரம் வைத்து நடப்பார், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரம்மர் காலால் அழுத்தும் இரட்டை உலோகத் தட்டு இரண்டிலும் நாலிலும் விழும். அப்புறம் ஒன்று எங்கே என்ற சந்தேகம் வராது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். தனிச்செய்தியில் கேட்டால் விலாசம் தருகிறேன். மிருதங்கத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், தட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்துப் பார்க்கலாம்.