அம்மாவின் டிபன் கேரியரை அரூபமாக வரைவது எப்படி?

கேள்வி (ஜார்ஜ்டவுன்):
அம்மா இருபது வருஷம் தொழிற்சாலைக்குத் தூக்கிப்போன பச்சை எனாமல் கேரியர். விளிம்பில் எனாமல் பெயர்ந்து ஒரு கருப்புத் திட்டு. ஆறு தாள் வரைந்துவிட்டேன். ஒன்று, அச்சு அசல் கேரியராகவே வருகிறது. இல்லையென்றால் வெறும் வட்டங்கள், அம்மா அதில் இல்லை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

பதில்:
தம்பி, கைப்பிடியை முதலில் எடுத்துவிடுங்கள். அதுதான் பெயரைச் சொல்லிவிடுகிறது. இத்தாலியின் போலோன்யா நகரில் ஓவியர் ஜோர்ஜோ மொராண்டி (1890–1964) அதே சில புட்டிகளையும் பெட்டிகளையும் பல்லாண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்தார். லேபிளைக் கிழித்து, பளபளப்பு போகச் சாயம் பூசி, தூசி படியவிட்டு வைப்பார். அவர் ஓவியங்களில் புட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், அதுவும் ஒரு பொருள்போலக் கனமாக நிற்கும். முழு அரூபம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாதி வழி அங்கேதான் இருக்கிறது.

பதில் (கோலாலம்பூர்):
அறை விளக்கு வேண்டாம். காலை வெளிச்சத்தில் ஐந்தடி தூரத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கடைசிவரை எது மறையவில்லையோ அதை வரையுங்கள்.

கேட்டவர்:
செய்தேன் அண்ணா. கைப்பிடி போய்விட்டது, அடுக்குகள் மூன்று பச்சைப் பட்டைகளாகிவிட்டன. கருப்புத் திட்டை மட்டும் உள்ளங்கை அளவுக்கு வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “இது பஸ்ஸில நான் கீழ போட்ட இடமாச்சே” என்றார்.