பின்னால் வருவதை ‘முன்னிடைச்சொல்’ என்று எப்படி அழைப்பது?

வணக்கம் நண்பர்களே,

ஆங்கிலத்தில் நகர்வைக் காட்டும் ‘பை’, ‘இன்டு’, ‘அவுட்’ போன்ற சிறு சொற்களுக்குத் தமிழில் ஒரு பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தின் ‘ப்ரெபொசிஷன்’ (பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு சொல்) என்பதற்கு ‘முன்னிடைச்சொல்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போன வாரம் வரை நானும் அந்தக் கட்சிதான். ஆங்கில இலக்கணக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது. “நகர்வைக் குறிக்கும் முன்னிடைச்சொற்கள் சில இடங்களில் பன்மைப் பெயருக்குப் பின்னால் வரும்” என்று எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் வருவதால்தான் அதற்கு முன்னிடை என்று பெயர், அது பின்னால் வருகிறது என்று நானே சொல்கிறேன். படிக்கிற பிள்ளை எதை நம்பும்?

‘பாஸர்ஸ்-பை’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கடந்து போகிறவர்கள். பன்மை ‘ஸ்’ நடுவில், ‘பை’ கடைசியில். ‘ஹேங்கர்ஸ்-ஆன்’, ‘ரன்னர்ஸ்-அப்’ இரண்டும் இதே அச்சு (ரன்னர்ஸ்-அப்பில் இன்று யாரும் மேலே ஏறுவதில்லை, நகர்வு தேய்ந்துபோய் வடிவம் மட்டும் மிச்சம்). ஆனால் ‘டேக்-ஆஃப்ஸ்’, ‘செக்-இன்ஸ்’, ‘டிரைவ்-த்ரூஸ்’, ‘கோ-பிட்வீன்ஸ்’ என்று வரும்போது பன்மை விகுதி குதித்துக் கடைசிக்குப் போய்விடுகிறது. இது மனம்போன போக்கு இல்லை. முதல் பாதி ‘அர்’ விகுதி பெற்று ஏற்கெனவே பெயராக நிற்கிறதா, பன்மை அதன் மேலேயே உட்காரும். முதல் பாதி வெறும் வினையடியா, அதற்குப் பன்மை ஏற்கும் தகுதி கிடையாது, அதனால் கூட்டுச்சொல் முழுதும் சேர்ந்து பெயரான பிறகுதான் கடைசியில் ‘ஸ்’ ஒட்டும். ‘கோயிங்ஸ்-ஆன்’ என்பதும் முதல் வகைதான், ‘இங்’ சேர்ந்ததும் அது தொழிற்பெயராகிவிட்டது. ஆங்கிலக்காரர்களே பேச்சில் இதில் தடுமாறுகிறார்கள், ‘பாஸர்பைஸ்’ என்று சொல்பவர்கள் உண்டு. இந்தத் தொல்லை பிடிக்காமலோ என்னவோ, ‘லுக்கர்ஸ்-ஆன்’ இருக்கும்போதே ‘ஆன்லுக்கர்ஸ்’ என்று இடைச்சொல்லை முன்னால் இழுத்துப் போட்டு ஒரு வடிவம் வந்து, இன்று அதுதான் அதிகம் புழங்குகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ‘பாஸர்ஸ்-பை’யின் வரிசையைக் கவனியுங்கள்: பெயர், பன்மை, அப்புறம் இடைச்சொல். இது அப்படியே நம் வரிசை! ‘வீடுகளைத் தாண்டி’ என்பதில் வீடு, கள், ஐ, தாண்டி. பன்மை விகுதி பெயரை ஒட்டியே இருக்கும், ‘ஐ’ போன்ற உருபும், ‘தாண்டி’போல உருபு வேலை பார்க்கும் தனிச்சொல்லான சொல்லுருபும் அதற்குப் பின்னால்தான் வரும். உருபுக்கு அப்பால் போய்க் ‘கள்’ ஒட்டுவது தமிழில் நடக்காது. ஆக ஆங்கிலம் தன் வழக்கத்தை மறந்து தமிழ்போல நிற்கிற இந்த ஒரு மூலையைத் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, நாம் போய் ‘முன்’ என்ற முத்திரையைக் குத்துகிறோம்.

கூட்டுச்சொல் இல்லாமல் தனித்தனியாக வரும் வகையும் உண்டு: ‘ரோட்ஸ் இன்டு த வில்லேஜ்’, ‘ஸ்டெப்ஸ் டவுன்’, ‘வேஸ் அவுட்’. மொழிபெயர்ப்பவர்கள் கால் இடறுவது இங்கேதான். ஆங்கிலத்துக்கு நடுவில் வினை தேவையில்லை, நமக்குத் தேவை. ‘ஊருக்குள் சாலைகள்’ என்று எழுதினால் ஊருக்குள்ளேயே கிடக்கிற சாலைகள் என்றுதான் பொருள்படும், நகர்வு காணாமல் போய்விடும். ‘ஊருக்கான சாலைகள்’ என்றால் ஊருக்கென்று ஒதுக்கிய சாலைகள்போல இருக்கிறது, அந்த ‘ஆன’ இப்போது எல்லா இடத்திலும் நுழைந்து உயிரை வாங்குகிறது, சரி அது வேறு கதை. ‘ஊருக்குள் போகும் சாலைகள்’, ‘கீழே இறங்கும் படிகள்’, ‘வெளியே செல்லும் வழிகள்’ என்று ஒரு பெயரெச்சத்தைப் போட்டால்தான் தமிழாகிறது. நகர்வை நாம் வினையில் வைக்கிறோம், அவர்கள் இடைச்சொல்லில் வைக்கிறார்கள்.

நம் சொல்லுருபுகளே இதற்குச் சாட்சி. நோக்கி, தாண்டி, கடந்து, சுற்றி, விட்டு, ஒட்டி, இவை எல்லாமே ஒரு காலத்தில் முழு வினையெச்சங்களாக ஓடிக்கொண்டிருந்து, தேய்ந்து, உருபு வேலைக்கு வந்தவை. ‘வீட்டிலிருந்து கிளம்பினான்’ என்பதில் கிளம்புவதைக் காட்ட ‘இரு’ என்ற அசையாத வினையைப் போட்டு வைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் வேடிக்கைதான்.

லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் மொழிகளை இந்த அடிப்படையில்தான் பிரித்தார். போகும் பாதையை வினைக்குள்ளேயே சொல்லும் மொழிகள் ஒரு பக்கம், வினையை ஒட்டி நிற்கும் சிறு சொல்லில் சொல்லும் மொழிகள் இன்னொரு பக்கம். ஆங்கிலம் இரண்டாவது வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, தமிழ் பெரும்பாலும் முதல் வகை. அந்தச் சிறு சொற்களை அவர் சாட்டிலைட் என்கிறார், தயவுசெய்து யாரும் அதைத் ‘துணைக்கோள்’ என்று மொழிபெயர்த்து அனுப்ப வேண்டாம்.

இனி சொல்லுக்கு வருவோம். நீங்கள் இங்கே முன்வைத்த பெயர்களில் ‘திசைச்சொல்’ கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த இருக்கையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று பள்ளியில் படித்தது யாருக்கும் மறந்திருக்காது, அதில் கைவைத்தால் குழப்பம்தான். ‘செலவுச்சொல்’ என்பதற்கு என் மனம் பாதி சாய்ந்தது உண்மை. தொல்காப்பியமே செலவு, வரவு என்று போவதையும் வருவதையும் இலக்கணப் பேச்சில் எடுத்தாண்டிருக்கிறது, பரம்பரை உள்ள சொல். ஆனால் இன்றைக்குச் செலவு, வரவு என்று எழுதினால் படிப்பவர் கணக்கு நோட்டைத்தான் தேடுவார். ‘இயக்க இடைச்சொல்’ மோசமில்லை, ஆனால் இயக்கம் என்ற சொல் கட்சிக்கும் சினிமாவுக்கும் இயந்திரத்துக்கும் உழைத்து ஏற்கெனவே களைத்துப் போயிருக்கிறது. ‘நகர்விடைச்சொல்’ பொருளில் சரிதான், ஆனால் சேர்த்து எழுதினால் கண் ‘விடை’ என்று பிரித்துப் படிக்கிறது, என்னால் அதைத் தடுக்க முடியவில்லை.

என் முன்மொழிவு வழியிடைச்சொல். டால்மி பாதை என்று சொன்னது இதில் ‘வழி’யாக நேரடியாக வந்துவிடுகிறது. ‘இடைச்சொல்’ நம் மரபுச் சொல், பெயரோடும் வினையோடும் சேர்ந்து இயங்குமே தவிரத் தனக்கென்று தனி இயல்பு இல்லாதது என்ற தொல்காப்பிய விளக்கம் ‘பை’, ‘இன்’, ‘அவுட்’ எல்லாவற்றுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. முன்னா பின்னா என்று இந்தப் பெயர் எதுவும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். பெயர் வைக்கும்போது நிற்கிற இடத்தைப் பார்த்து வைத்தால், அது இடம் மாறும்போதெல்லாம் பெயரும் மாற வேண்டியிருக்கும்.

ஒரு உட்பிரிவு மட்டும் வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. ‘இன்டு த வில்லேஜ்’ என்பதில் இடைச்சொல் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ‘பாஸர்ஸ்-பை’யில் ‘பை’க்குப் பிறகு பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, எதைக் கடந்தார்கள் என்பதே சொல்லப்படவில்லை. ஆங்கில இலக்கணத்தில் பலர் இந்த இரண்டாவதை முன்னிடைச்சொல் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. நமக்குத் தழுவுதொடர், தழாத்தொடர் (ஒரு சொல் அடுத்த சொல்லைப் பொருளால் தழுவி நிற்பது, தழுவாமல் நிற்பது) என்ற பழைய இணை கையில் இருப்பதால், முதலாவதைத் தழுவும் வழியிடைச்சொல் என்றும் இரண்டாவதைத் தழா வழியிடைச்சொல் என்றும் சொல்லலாமா? கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் புதுப்பெயர் வைத்துக்கொண்டே போனால் பட்டியல் நீளுமே தவிர யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

அந்தப் பாழாய்ப்போன வாக்கியத்தை இப்படி மாற்றி வைத்திருக்கிறேன்: “பெயராக நிற்கும் முதல் பகுதி பன்மை விகுதியைத் தானே ஏற்கும், தழா வழியிடைச்சொல் அதற்குப் பின் வரும்.” இதைப் படித்துவிட்டு ‘பாஸர்ஸ்-பை’யையும் ‘டேக்-ஆஃப்ஸ்’ஸையும் ஒருவரால் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ‘தழா’ என்பது எழுத்துப்பிழைபோலத் தெரிகிறது என்று யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன், அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.