கலைச்சொல் தேவை: திடலின் கடினம் வேறு, அன்றைய நாளின் கடினம் வேறு

கோவையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கோல்ஃப் கற்க வரும் பிள்ளைகளுக்கும், பை சுமந்து கூடவே நடக்கும் கேடிகளுக்கும் ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) கணக்கை விளக்கி நாலு பக்கக் கையேடு ஒன்று தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஹேண்டிகேப்பை அப்படியே விட்டுவிட்டேன். சிக்கல் அதற்குள் வரும் மூன்று எண்களில்தான்.

2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் முதலாவது கோர்ஸ் ரேட்டிங். கைதேர்ந்த ஆட்டக்காரர் இயல்பான நாளில் அந்தத் திடலைப் பந்தை எத்தனை முறை அடித்து, அதாவது எத்தனை அடியில், முடிப்பார் என்ற எண், 71.2 என்பது போல. இரண்டாவது ஸ்லோப் ரேட்டிங்: அதே திடல் சுமாரான ஆட்டக்காரரை எவ்வளவு கூடுதலாகப் படுத்தும் என்பது. 55 முதல் 155 வரை போகும், 113 பொது அளவு. மூன்றாவது 'பிளேயிங் கண்டிஷன்ஸ் கால்குலேஷன்': அன்றைக்குத் திடல் வழக்கத்தைவிடக் கடினமாக இருந்ததா, எளிதாக இருந்ததா என்று பார்த்துச் செய்யும் திருத்தம். −1 முதல் +3 வரை முழு எண்ணாக வரும்.

90 அடியில் முடித்தவருக்கு, ரேட்டிங் 71.2, ஸ்லோப் 125 என்றால், 90-இல் 71.2 போக மீதி 18.8-ஐ 113-ஆல் பெருக்கி 125-ஆல் வகுக்க 17.0 வருகிறது. அன்றைய திருத்தம் +2 என்றால் அந்த 2-ஐயும் கழித்து 16.8-ஐ வைத்துக் கணக்கிட வேண்டும், 15.2 வரும். கடைசி 20 ஆட்டங்களுக்கு இப்படி வந்த எண்களை எடுத்து, அவற்றில் சிறந்த (மிகக் குறைந்த) 8-இன் சராசரிதான் ஹேண்டிகேப். மூன்றுக்கும் பெயர் வேண்டும்.

சென்னையிலிருந்து:

மூன்றாவதற்கு 'வானிலைத் திருத்தம்'. யாருக்கும் புரியும். முடிந்தது.

கோவையிலிருந்து:

முடியவில்லை ஐயா. அந்தக் கணக்கில் காற்றையோ மழையையோ யாரும் அளப்பதே இல்லை. அன்று ஆடியவர்களின் அடிகளை, அவரவர் ஹேண்டிகேப்புக்கு வந்திருக்க வேண்டிய அடிகளோடு ஒப்பிடுகிறார்கள். 36-க்கு மேல் ஹேண்டிகேப் உள்ளவர்களை விட்டுவிட்டு, குறைந்தது 8 பேருடைய கணக்காவது இருந்தால்தான் திருத்தமே. எல்லோரும் ஒருசேரச் சறுக்கியிருந்தால் திடல் கடினம் என்று முடிவு. காரணம் காற்றாக இருக்கலாம், குழியைக் கோணலான இடத்தில் வெட்டியிருக்கலாம், புல் வளர்ந்திருக்கலாம். வானிலை என்று பெயர் வைத்தால், வெயில் நன்றாக அடித்த நாளில் +1 எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான்.

தஞ்சாவூரிலிருந்து:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? தொல்காப்பியர் முதற்பொருளை நிலம், பொழுது என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். திடலுக்கு உரியது நிலமதிப்பு, நாளுக்கு உரியது பொழுதுத் திருத்தம். இரண்டும் இணையாக நிற்கும், ஒன்றை ஒன்று விளக்கும். ஹேண்டிகேப்பையும் விடாதீர்கள், அதற்கு 'ஈடு' என்ற சொல் காத்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லே தொப்பிக்குள் கைவிடும் பழைய பண்டமாற்று விளையாட்டிலிருந்து வந்ததுதான். இருவர் பொருள் மாற்றும்போது நடுவர் ஒருவர் விலை வித்தியாசத்தைச் சொல்லி ஈடுகட்டுவார். 'அவனுக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது' என்று நாம் சொல்வதும் இதே பொருளில்தான். கோல்ஃப் என்பதே நம் 'கோல்'தான் என்பது என் நெடுநாள் கருத்து. 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்று வள்ளுவர் சொன்ன கோலையும் சேர்த்துப் பாருங்கள்: அடிக்கும் கோல், சமன் செய்யும் கோல்.

சென்னையிலிருந்து:

கோல்ஃப் ஆடக் கூடாது என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457-இலேயே சட்டம் போட்டிருக்கிறது, அந்தச் சொல் அங்கேதான் வளர்ந்தது. மட்டையைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடு சேர்த்துத்தான் பலரும் பார்க்கிறார்கள். அதைத் தமிழுக்கு இழுப்பதால் தமிழுக்கு ஒரு பெருமையும் கூடாது. அப்புறம், நிலமதிப்பு என்று அச்சிட்டால் படிக்கிறவர் பத்திரப்பதிவு அலுவலகத்தைத்தான் நினைப்பார். 'திடல் மதிப்பு' என்று வையுங்கள். 'கேடி'யையும் அச்சில் போடாதீர்கள். தமிழில் அது போலீஸ் பட்டியலில் இருப்பவரைக் குறிக்கும், உழைக்கிற மனிதர்களை அப்படி எழுதக் கூடாது. 'ஆட்டத் துணைவர்' போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஸ்லோப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 'சரிவு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஹேண்டிகேப்பைக் கிடையிலும் அடிகளை நெடுக்கிலும் குறித்து வரையும் கோட்டின் சாய்வுதான் அது, தரையின் சரிவு இல்லை. நாங்கள் பாடசாலையில் படித்த சொல் படித்திறன். தரையோடு குழம்பாது, ஆகவே படித்திறன் எண்.

கோவையிலிருந்து:

அம்மா, சொல் அருமை, ஆனால் இங்கே பாடப்புத்தகத்தில் சாய்வு என்றுதான் இருக்கிறது. படித்திறன் என்றால் வாசிக்கும் திறமை என்று எடுத்துக்கொள்வார்கள். ஊட்டி மாதிரி மேடும் பள்ளமுமான திடலில் 'சரிவு' குழப்பும் என்பதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். 'சாய்வெண்' என்று போட்டு ஒரு வரி விளக்கம் கொடுக்கிறேன்.

தஞ்சை ஐயாவுக்கு: நிலம், பொழுது என்ற பிரிவு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு அப்படிப் பிரியவில்லை. ஓரிடத்தில் வழக்கமாக வீசும் காற்று திடல் மதிப்புக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. 2,000 அடிக்கு மேலான உயரமும் அப்படியே, மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறப்பதால். பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் ஊருக்கு வரும் ஆடிக் காற்றை நிலம் என்பீர்களா, பொழுது என்பீர்களா? தரம் பார்க்க வந்தவர்கள் எண்ணிப் பார்த்த அளவில் வீசினால் அது திடலின் கணக்கு, அதையும் மீறி ஊரே தடுமாறினால்தான் அன்றைய கணக்கு. அதனால் 'நாள்நிலைத் திருத்தம்' என்று வைக்கலாமா?

சென்னையிலிருந்து:

வைக்கலாம். 'ஆடுநிலைக் கணிப்பு' மூலத்துக்கு இன்னும் நெருக்கம், ஆனால் ஆடுகிறவனின் உடல்நிலை போலக் காதில் விழுகிறது. நாள்நிலைக்கு என் வாக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நாள்நிலை சரி. சாய்வெண்ணுக்குப் பக்கத்தில் படித்திறனையும் அடைப்புக்குறியில் போட்டால், நுவரெலியாவிலோ கொழும்பிலோ ஆடும் எங்கள் பிள்ளைகளுக்கும் கையேடு உதவும்.

கோவையிலிருந்து:

போடுகிறேன் அம்மா. திடல் மதிப்பு, சாய்வெண், நாள்நிலைத் திருத்தம். ஹேண்டிகேப் ஹேண்டிகேப்பாகவே இருக்கட்டும்.

தஞ்சாவூரிலிருந்து:

உடன்பாடில்லை. தமிழில் 'நாள்' என்றால் விண்மீன், நாள் பார்ப்பது என்றால் சோதிடம். நாள்நிலை என்றதும் பஞ்சாங்கம்தான் கண்ணுக்கு முன் வரும். பொழுதுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆடிக் காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். கார் காலம் முல்லைக்கே உரியது என்று சொன்ன இலக்கணம்தான் திணை மயக்கத்துக்கும் இடம் கொடுத்தது. ஒரு நிலத்தின் பொழுது இன்னொன்றில் கலக்கலாம் என்று தெரிந்தே வைத்த பிரிவு அது. ஈடு பற்றியும் ஒருவரும் மறுமொழி எழுதவில்லை. இரண்டாம் பதிப்பு வந்தால் இந்த மடலை எடுத்துப் பாருங்கள்.