நேட்டிவ் டீபகர்: ‘பொறிமொழி வழுநாடி’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது, அதனால் மேலே வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நிரல் எழுதும் சூழல் ஒன்றின் பட்டிகளைத் தமிழாக்கும்போது ‘நேட்டிவ் டீபகர்’ என்ற இரண்டு சொல்லில் சிக்கி நிற்கிறோம். டீபகர் என்பது ஓடும் நிரலை இடையில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் கருவி. டீபகர் பழைய தகராறு. நேட்டிவ்தான் ஆளை விழுங்குகிறது. முதலில் பழையதை முடித்துவிடுவோம்.

> பிழைத்திருத்தி என்று ஏற்கெனவே எழுதிவருகிறோமே, அதில் என்ன குறை?

இரண்டு குறை. ஒன்று, அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். சொற்பிழை, சந்திப்பிழை பார்க்கும் மென்பொருள்களுக்குப் பிழைதிருத்தி என்ற பெயர் நிலைத்துவிட்டது. அச்சகக் காலத்திலிருந்தே பிழை திருத்துவது என்றால் மெய்ப்புப் பார்ப்பதுதான். நாம் தமிழாக்கும் இதே சூழலில் நிரலின் குறிப்புரைகளுக்கு எழுத்துப்பிழை பார்க்கும் நீட்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே பட்டியில் இரண்டும் வந்து நின்றால் என்ன செய்வது? ஒன்றில் ஒற்று மிகும், மற்றதில் மிகாது என்பதை வைத்தா பயனர் அடையாளம் காண்பார்?

இரண்டாவது குறைதான் பெரியது. டீபகர் எதையும் திருத்துவதில்லை. நான்கு நாள் முன்பு எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், இந்த மடலே அதிலிருந்து பிறந்ததுதான்.

சி++ இல் ஒரு சின்ன நிரல். கோப்பிலிருந்து பன்னிரண்டு பதிவுகளைப் படித்து வரிசைப்படுத்தவேண்டும். கடைசிப் பதிவு மட்டும் காணாமல் போகிறது. விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் சூழலில், டீபகருக்கான அமைப்புகளைச் சொல்லும் லாஞ்ச்.ஜேசான் கோப்பைத் திறந்து, எந்த வகை டீபகர், ஓடவேண்டிய நிரல் எங்கே இருக்கிறது, ஜிடிபி என்ற டீபகர் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் எழுதினேன். 27ஆம் வரியில் நிறுத்துப்புள்ளி (நிரல் நிற்கவேண்டிய இடத்தின் அடையாளம்) வைத்து ஓடவிட்டேன். சிவப்பாக இருந்த புள்ளி, உள்ளே ஒன்றுமில்லாத சாம்பல் வளையமாக மாறியது. நிரல் எங்கேயும் நிற்காமல் ஓடி முடிந்தது.

காரணம் அற்பம். கம்பைல் செய்யும்போது, அதாவது நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும்போது, ‘-ஜி’ என்ற விருப்பத்தைக் கொடுக்கவில்லை. நேட்டிவ் டீபகருக்குத் தானாகத் தெரிந்தது முகவரிகளும் பைட்டுகளும்தான். இந்த முகவரி எந்தக் கோப்பின் எத்தனையாம் வரி, அந்த நினைவக இடத்துக்கு நாம் வைத்த பெயர் என்ன என்ற அட்டவணையைக் கம்பைலர்தான் எழுதிக்கொடுக்கவேண்டும். லினக்ஸில் அந்த அட்டவணையின் வடிவத்துக்கு ட்வார்ஃப் என்று பெயர். இயங்குகோப்பின் வடிவத்துக்கு எல்ஃப் என்று பெயர் இருந்ததால் அதற்குத் துணையாகக் குள்ளனைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் பெயர் சூட்டுகிறவர்கள் இப்படி விளையாடுகிறார்கள். நாம்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

‘-ஜி’ சேர்த்தேன். புள்ளி சிவந்தது, நிரல் நின்றது. ஆனால் சுழற்சி எண்ணைக் கேட்டால், ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று பதில் வருகிறது. ஒவ்வொரு அடியாக நகர்த்தினால் மஞ்சள் பட்டை 27இலிருந்து 24க்குத் தாவி, அங்கிருந்து 29க்குப் போகிறது. பழைய கட்டளையில் ‘-ஓ2’ ஒட்டிக்கொண்டிருந்தது. வேகத்துக்காகக் கம்பைலர் கட்டளைகளை இடம்மாற்றி, தேவையில்லை என்று கருதிய மாறியைத் தூக்கியே போட்டுவிட்டது. ‘-ஓ0’ என்று மாற்றிய பிறகுதான் வரிசையாக நடந்தது. சுழற்சி பதினொன்றோடு நின்றது கண்ணில் பட்டது. குறியீட்டில் ஒரு சமக்குறி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சமக்குறியைப் போட்டது என் விரல். டீபகர் நிறுத்தியது, காட்டியது, அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. இன்னும் சொல்லப்போனால் அது திருத்துவதற்கு நேர்மாறாக ஒன்றைச் செய்கிறது. இன்டெல் வகைச் செயலிகளில் நிறுத்துப்புள்ளி வைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளையில் முதல் பைட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் பதினறும எண்முறையில் ‘சிசி’ என்று எழுதப்படும் ஒற்றை பைட்டைத் திணிக்கிறது. செயலி அதில் வந்து இடறும். உடனே இயங்குதளம் நிரலை நிறுத்திவைத்து டீபகருக்குச் சொல்லி அனுப்பும். நாம் பார்த்து முடித்ததும் பழைய பைட் தன் இடத்துக்குத் திரும்பும், அந்தக் கட்டளை ஓடும், பிறகு மறுபடியும் ‘சிசி’. இதைத் திருத்தி என்பதைவிடக் கெடுத்தி என்பது பொருந்தும்.

> வழுநீக்கி?

பாதி சரி. ‘வழு’வை முழுமனத்தோடு ஏற்கிறேன். வழாநிலை, வழு, வழுவமைதி என்று நம் இலக்கணம் பிரித்துவைத்திருப்பதை ஐயா நினைவூட்டியது நல்லதாயிற்று. வழுவமைதி என்பது நமக்கு நேரடியாகவே பயன்படும்: வழுதான், ஆனால் காரணம் கருதி அப்படியே விட்டுவைக்கிறோம். வழுப்பட்டியலில் ‘தெரிந்ததே, திருத்தப்போவதில்லை’ என்று மூடப்படும் ஒவ்வொன்றுக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

ஆங்கிலத்தில் வழுவுக்கு ‘பக்’, அதாவது பூச்சி, என்று பெயர். ஆனாலும் பூச்சி என்று தொடங்கும் பரிந்துரையை மட்டும் விட்டுவிடுவோம். 1947இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கி, அதைப் பதிவேட்டில் ஒட்டிவைத்த கதை உண்மைதான். ஆனால் சொல் அங்கே பிறக்கவில்லை. 1878லேயே எடிசன் தன் கருவிகளின் கோளாறுகளை அப்படித்தான் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். தவிர, ‘பூச்சிநீக்கி’ என்று பொத்தானில் எழுதினால் வயலில் தெளிப்பதா என்று கேட்பார்கள்.

வழுநீக்கியில் எனக்கு உறுத்துவது ‘நீக்கி’. டீபகர் நீக்குவதில்லை என்று மேலே பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டேன். ஆங்கிலச் சொல்லும் நீக்குகிறேன் என்றுதான் பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை நாமும் சுமக்கவேண்டுமா? என் பரிந்துரை ‘வழுநாடி’. ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற 948ஆம் குறளை எல்லோரும் இந்நேரம் முணுமுணுத்திருப்பீர்கள். அங்கே நாடுவது ஒரு வேலை, தணிக்கும் வழி தேடுவது இன்னொன்று, செய்வது மற்றொன்று. நமக்கு வேண்டிய பிரிவினை அதுதான். (இலக்கணம் பார்ப்பவர்கள் எழுதுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: குறளில் வருவது வினையெச்சம், நம்முடையது உலாவி, செயலி போல இகரம் சேர்ந்த பெயர்.) ஓடும் நிரலின் கையைப் பிடித்துப் பார்க்கும் நாடித்துடிப்பும் அதில் கேட்கிறது. சோதிடமும் சேர்ந்தே கேட்கிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் கிண்டல் செய்தார். ‘-ஓ2’ போட்டுக் கம்பைல் செய்த நிரலை ஆராய்ந்தவர்களுக்கு அதுவும் பொருத்தமாகவே தோன்றும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வினையாக்கும்போது ‘வழுநாடு’ என்று தனியாக எழுதக்கூடாது. சோழநாடு, பாண்டியநாடு வரிசையில் போய் நின்றுவிடும். ‘வழுநாடல்’ என்றே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வோம்.

இனி நேட்டிவ்.

> ‘உள்ளூர்’ போதும், எளிமையாக இருக்கிறது.
> ‘இயல்’ என்றால் எந்தத் தொடரிலும் ஒட்டும்.
> தாய்மொழி போல ‘தாய்’ என்று வைத்தால் என்ன?

மூன்றிலும் நான் கேட்பது ஒரே கேள்வி: எதற்கு நேட்டிவ்? ஒரு ஆளைச் சொந்தக்காரர் என்றால் யாருக்குச் சொந்தம் என்று கேட்போம் அல்லவா? இந்தச் சொல்லும் அப்படித்தான், எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் பொருள் சொல்லமுடியாது. டீபகரைப் பொறுத்தவரை எதிரே இரண்டு வெவ்வேறு ஆட்கள் நிற்கிறார்கள்.

ஜிடிபியின் வழக்கில் எதிரே நிற்பது தொலைவு. ‘டார்கெட் நேட்டிவ்’ என்றால் ஆராயப்படும் நிரல் இதே கணினியில் ஓடுகிறது. ‘டார்கெட் ரிமோட்’ என்றால் நிரல் வேறெங்கோ ஓடுகிறது, அங்கே ஜிடிபிசர்வர் போன்ற ஒரு முகவர் உட்கார்ந்து நம் கேள்விகளுக்குப் பதில் அனுப்புகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் ஜிடிபியை எழுதினார். சி போன்ற மொழிகளை ஆராயப் பிறந்த கருவி அது. கம்பைல் ஆன நிரல் செயலியின் மொழியில்தான் இருக்கும் என்பதை அங்கே யாரும் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. எந்தக் கணினி என்பதுதான் கேள்வி.

ஜாவா, டாட்நெட் பக்கம் வந்தால் எதிராளி மாறிவிடுகிறார். அங்கே நிரல் முதலில் ஒரு இடைமொழிக்குப் போகிறது, மெய்நிகர் பொறி ஒன்று அதை எடுத்து ஓட்டுகிறது. அந்தப் பொறிக்கு வெளியே, சி அல்லது சி++ இல் எழுதி நேரே செயலியின் கட்டளைகளாக மாற்றியதுதான் நேட்டிவ். ஜாவாவில் இது மொழியின் குறிச்சொல்லாகவே இருக்கிறது: ஒரு செயற்கூற்றின் முன்னால் ‘நேட்டிவ்’ என்று எழுதினால், இதன் உடல் ஜாவாவில் இல்லை என்று பொருள். விசுவல் ஸ்டுடியோவில் சி ஷார்ப் திட்டத்தின் பண்புகளில் நேட்டிவ் குறியீட்டையும் ஆராய்வதற்கான பெட்டி ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தால் மெய்நிகர் பொறி நிர்வகிக்கும் குறியீட்டோடு சி++ பகுதிக்குள்ளும் இறங்கிப் பார்க்கலாம்.

இரண்டும் ஒரே இடத்தில் மோதுவதைப் பார்க்கவேண்டுமானால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குப் போகவேண்டும். அங்கே டீபகர் வகையைத் தேரும் இடத்தில் ‘நேட்டிவ் ஒன்லி’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. தேர்ந்தால் என்ன நடக்கிறது? நம் கணினியில் எல்எல்டிபி என்ற டீபகர் கிளம்புகிறது. கைபேசிக்குள் எல்எல்டிபி-சர்வர் இறங்குகிறது. இரண்டும் பேசிக்கொள்கின்றன. ஆராயப்படுவது கைபேசியில் ஓடும் சி++ பகுதி. அதாவது ஜாவாக்காரர்களின் கணக்கில் இது சுத்த நேட்டிவ், ஜிடிபிக்காரர்களின் கணக்கில் சுத்த ரிமோட். இந்தத் தேர்வை ‘உள்ளூர் மட்டும்’ என்று மொழிபெயர்த்தால், கையில் கைபேசியை இணைத்து வைத்திருக்கும் பயனர் என்ன நினைப்பார்? கைபேசிச் சோதனை வேண்டுமென்றால் வேறெதையோ தேரவேண்டும் என்றுதான் நினைப்பார். இது மொழிநடைக் குறையோடு முடியும் விஷயமில்லை, ஆளைத் தவறான வழியில் அனுப்பிவிடும்.

ஆகவே ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல். ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கு வைக்கவேண்டும் என்ற ஐயாவின் கொள்கையை மதிக்கிறேன், ஆனால் இங்கே ஆங்கிலமே தன் கணக்கைத் தப்பாக வைத்திருக்கிறது.

செயலியின் கட்டளைகளாக இருக்கும் நிரலை ஆராய்வது: பொறிமொழி வழுநாடி. ‘பொறிமொழி’ புதிதில்லை, இயந்திர மொழி என்று பாடநூல்களில் படித்ததுதான், பொத்தானில் அடங்கும்படி சுருங்கியிருக்கிறது. ‘மொழி’ என்று வருவதால் பயனர் அசெம்பிளியைத்தான் (செயலிக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) பார்க்கமுடியும் என்று நினைத்துவிடுவார் என ஒருவர் அஞ்சினார். நியாயமான அச்சம். ஆனால் மேலே என் கதையில் வந்த சாம்பல் வளையத்தை நினைத்துப்பாருங்கள்: அடியில் இருப்பது பொறிமொழிதான், மேலே தெரியும் வரிகள் ட்வார்ஃப் தரும் தயவு. அந்த உண்மை பெயரிலேயே இருந்தால், ‘-ஜி’ ஏன் வேண்டும் என்பதைப் புதிதாக வருபவருக்கு விளக்குவதும் சுலபம்.

இதே கணினியில் ஓடும் நிரலை ஆராய்வது: இங்கே வழுநாடியின் பெயரை மாற்றவே தேவையில்லை. இலக்கைச் சொன்னால் போதும். ‘இக்கணினி’ எதிர் ‘தொலைக்கணினி’. சுட்டெழுத்து ஒன்று செய்யும் வேலைக்கு ‘இயல்’, ‘அகநிலை’ என்றெல்லாம் பெரிய சொல் எதற்கு? கம்பைலரில் கிராஸ் (ஒரு வகைச் செயலியில் இருந்துகொண்டு வேறு வகைக்குக் கம்பைல் செய்வது) என்பதற்கு எதிராக வரும் நேட்டிவ் மூன்றாவது பொருள். அது செயலி வகையைப் பற்றியது. அதைத் தன்பொறி, பிறபொறி என்று பிரிக்கலாம் என்று தோன்றுகிறது. அது வேறு இழைக்குப் போகட்டும்.

நிலுவையில் இருப்பது ‘அட்டாச்’. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு வழுநாடி போய்ச் சேர்ந்துகொள்வது. ‘இணை’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மின்மடலின் இணைப்பும், கம்பைல் ஆன துண்டுகளைச் சேர்க்கும் லிங்கரும், வலை இணைப்பும் அதே சொல்லைப் பங்குபோட்டுத் தின்கின்றன. என் மனம் ‘பற்று’ பக்கம் சாய்கிறது: ‘ஓடும் நிரலைப் பற்று’, முடிந்ததும் ‘விடு’. இதற்கு நல்ல பெயர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. உபுண்டுவில் 10.10 பதிப்பிலிருந்து ஒரு நிரல் தன் பிள்ளை நிரல்களை மட்டுமே பற்றலாம் என்பது இயல்பமைப்பு. வேறொரு முனையத்தில் தொடங்கிய நிரலைப் பற்றப் போனால் இயங்குதளம் ‘அனுமதி இல்லை’ என்று மட்டும் சொல்லித் துரத்திவிடும். பிட்ரேஸ் (ஒரு நிரல் இன்னொன்றைப் பற்றும் வசதி) கட்டுப்பாட்டு எண் 1 ஆக இருக்கிறது என்பதையோ, நிர்வாகியாக அதை 0 ஆக்கினால் பற்றலாம் என்பதையோ இயங்குதளத்தின் அந்தப் பதில் சொல்வதில்லை. ‘பற்ற அனுமதி இல்லை’ என்றாவது நாம் எழுதினால் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

மறுப்பு வராவிட்டால் கோப்பில் இப்படி ஏற்றிவிடுகிறேன்:

வழுநாடலைத் தொடங்கு
வழுநாடி வகை: ஜாவா மட்டும் / பொறிமொழி மட்டும் / இரண்டும்
இலக்கு: இக்கணினி / தொலைக்கணினி
ஓடும் நிரலைப் பற்று…
நிறுத்துப்புள்ளி பொருந்தவில்லை: வழுநாடல் தகவல் இல்லாமல் நிரல் கம்பைல் ஆகியிருக்கலாம்

கடைசி வரி மூலத்தைவிட நீளம்தான், தெரிந்தே எழுதினேன். ‘கம்பைல்’ இன்னும் கம்பைலாகவே நிற்பதைப் பார்த்துத் திட்டவேண்டாம்; நிரல்பெயர்ப்பியா தொகுப்பியா என்று முடிவானதும் அந்த ஒரு சொல்லை மாற்றிவிடலாம்.